கேன் மூடியும் கேரம் காயும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறையில் வடசென்னையைப் பார்த்துக்கொள்ளும் திட்ட அலுவலர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும்,

வணக்கம்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே தையல் மிஷின் போட்டிருக்கிறேன். எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டியும் உள்பாவாடையும் தைத்துக் கொடுப்பது என் தொழில். மகள் விடியற்காலையில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய்விடுவாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் வளர்ப்பது நான்தான். பெரியவன் இரண்டாம் வகுப்பு. சின்னவளுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம். பெரியவன் முன்பு போனதும் சின்னவள் இப்போது போவதும் தெருமுனைப் பால்வாடிக்குத்தான். நீங்கள் அங்கன்வாடி மையம் என்று எழுதுவதை நாங்கள் பால்வாடி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்த மடலிலும் அப்படியே எழுதுகிறேன்.

பெரியவனை முதன்முதலாகப் பால்வாடிக்குக் கூட்டிப்போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறையில் ஒரு இரும்பு பீரோ, கண்ணாடிக் கதவு வைத்தது. உள்ளே மரக்கட்டைகள், வளையங்கள், பிளாஸ்டிக் பழங்கள் எல்லாம் பிரிக்காத கவரோடு இருந்தன. சுவர் முழுக்கத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய மயில், பூ, எழுத்துகள். இவன் நேரே போய்ப் பீரோ கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றான். டீச்சரம்மா வந்து மெதுவாகப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு ஒருநாள் தனியாக என்னிடம் சொன்னார்: "எடுத்துக் குடுக்க ஆசைதான்மா. ஒடஞ்சா ஸ்டாக் ரெஜிஸ்டர்ல நான் பதில் எழுதணும்." சுவரில் இருந்த மயிலை, ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை வீட்டில் உட்கார்ந்து வெட்டியதாகவும் சொன்னார். அந்த மயிலை ஒரு பிள்ளையும் தொட்டது கிடையாது. எட்டாத உயரம்.

அவர்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. எடை பார்க்கிறார், உயரம் அளக்கிறார், செல்போனில் பதிவு போடுகிறார், சத்துமாவு கொடுக்கிறார், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போகிறார், முட்டைக் கணக்கு எழுதுகிறார். இதற்கு நடுவில் இருபது பிள்ளைகளை ஆடவும் பாடவும் வைக்கிறார். உங்கள் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'தானே. ஆடவும் பாடவும் உடம்பும் வாயும் போதும். விளையாடக் கையில் ஒரு பொருள் வேண்டும். நான் கேட்க வந்தது அந்தப் பொருளைப் பற்றித்தான்.

பெரியவனுக்கு ஒன்றரை வயதில் என் மிஷின் பக்கத்தில்தான் நாள் முழுக்க இருப்பான். ஊசி, கத்தரிக்கோல், குண்டூசி எல்லாம் கிடக்கும் இடம். கையில் ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும். முதலில் நானும் எல்லாரையும் போல செல்போனைக் கொடுத்தேன். கண்ணை எடுக்க மாட்டான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான். இரண்டு வயது ஆகும்வரை திரையே காட்டக்கூடாது, இரண்டு வயதிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், போனைப் பிடுங்கினால் அழுகிறான், மூடியைக் கொடுத்தால் அழுகையை நிறுத்துகிறான் என்பதுதான்.

கேன் தண்ணீர் மூடியைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் 20 லிட்டர் கேன் வாங்காத வீடு கிடையாது. ஒவ்வொரு கேனுக்கும் ஒரு மூடி, பிய்த்து எறிந்துவிடுவோம். அதைச் சேர்த்து வைத்தேன். பெரிய பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஒரு வட்டம் வெட்டினேன். கேன் மூடி நேராக விழாமல் கொஞ்சம் அழுத்தினால்தான் உள்ளே போகும் அளவு. அவன் வைப்பான், அழுத்துவான், 'டப்' என்று விழும், என் முகத்தைப் பார்ப்பான். திறந்து கொட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. ஒரு பாவாடை தைத்து முடிக்கும்வரை ஓடும் அந்த விளையாட்டு. கண்ணும் கையும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்வதை நான் தையலில் பழக நாலு மாதம் ஆனது. அவன் அதே பாடத்தைத்தான் அந்த டப்பாவில் படித்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. எம்.சி. ரோடு கடைகளில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். இரண்டு முழம் வெட்டி, ஜன்னல் கம்பியில் சாய்வாகக் கட்டினேன். மேலே கந்தல் துணிப் பந்தைப் போட்டால் கீழே வந்து விழும். போன பொருள் காணாமல் போகவில்லை, இன்னொரு பக்கம் வரும் என்று அவனுக்குப் புரிந்த நாளில், பந்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கீழ்வாயில் கையை வைத்துக் காத்திருந்தான். ஜீன்ஸ், பனியன், வெல்வெட், கோணி, ஜரிகை என்று வெட்டுத் துண்டுகளை இரண்டிரண்டாக எடுத்து உள்ளங்கை அளவு அட்டைகளில் தைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவி ஜோடி சேர்க்க வேண்டும். சின்னவள் இரண்டரை வயதில் ஐந்து ஜோடியையும் சேர்த்தாள். 'சொரசொர', 'வழவழ', 'மெத்து' என்ற சொற்கள் அவளுக்குத் தடவித் தடவி வந்தவை.

பால் பாக்கெட்டில் அவள் நிறம் படித்தாள். ஆவின் நீலம், பச்சை, ஆரஞ்சு மூன்றும் எங்கள் தெருவில் எல்லாக் குழந்தைக்கும் தெரியும், கடைக்குப் போகும்போது சொல்லி அனுப்புவதே அப்படித்தான். கவரை முழுசாக விரித்து வெட்டிக் கழுவிக் காயவைத்து, கேன் மூடிகளின் உள்பக்கம் ஒட்டினேன். பையாக விட்டுவிடக் கூடாது, பிள்ளை தலையில் மாட்டிக்கொள்ளும். மூடிகளைப் பிரித்து மூன்று டம்ளரில் போடுவாள். வாயும் ஓடிக்கொண்டே இருக்கும்: "இது டீக்கு, இது பாப்பாக்கு."

எனக்கு மிகவும் பிடித்தது எண்ணெய் பாட்டில். கண்ணாடி போன்ற சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பாகம் தண்ணீர், துளி மஞ்சள் தூள், மேலே தேங்காயெண்ணெய். மூடியை எம்-சீல் போட்டு அடைத்து, மேலே டேப்பும் சுற்றிவிட வேண்டும். எப்படிக் கவிழ்த்தாலும் எண்ணெய் மேலே ஏறும். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி மாதம் விடிகாலையில் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து நின்றதைப் பார்த்து பெரியவன் என்னை எழுப்பினான். வெயில் ஏறியதும் அது இளகுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு அவன் கேட்ட கேள்விகளுக்கு எனக்குப் பதிலும் முழுசாகத் தெரியவில்லை.

இதெல்லாம் புதிதா என்றால், இல்லை. நுங்கு தின்றபின் மிஞ்சும் காயை வண்டியாக்கி ஓட்டியவர்கள் நாம். தீப்பெட்டியில் ரயிலும் டெலிபோனும் செய்தவர்கள். அரவிந்த் குப்தா என்ற பொறியாளர் சைக்கிள் வால்வு ட்யூபும் தீக்குச்சியும் வைத்து நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு அறிவியல் காட்டினார், 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் தம் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரில் சான் லோரென்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். ஊற்றுவது, துடைப்பது, பொத்தான் மாட்டுவது, உருளைகளைச் சரியான குழியில் வைப்பது என்று கை வேலையையே பாடமாக வைத்தார். 1939இல் அவர் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஏழைப் பிள்ளைகளிடம் கற்று எழுந்த அந்த முறை இன்று இந்த ஊரில் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கிறது. கூவத்துக்கு வடக்கே எங்கள் தெருப் பிள்ளைகளின் விரலும் அதே விரல்தான்.

ஒரு தப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும், அது என்னுடையது. கேன் மூடி தீர்ந்துபோன ஒரு வாரம், குளிர்பான பாட்டில் மூடிகளை டப்பாவில் போட்டு வைத்தேன். பக்கத்து வீட்டுப் பையன், ஒரு வயது எட்டு மாதம், ஒரு மூடியை வாயில் போட்டுவிட்டான். சத்தமே வரவில்லை. இருமலும் இல்லை, அழுகையும் இல்லை, உதடு கறுத்தது. அவன் அத்தை பிள்ளையைக் குனிய வைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள், நாலாவது அடியில் மூடி தெறித்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் என்னைத் திட்டவில்லை, உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அதை இங்கே எழுதுவது என் கடமை.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பொம்மையைச் சோதிக்க ஒரு உருளை வைத்திருக்கிறார்களாம், குறுக்களவு 3.17 செ.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. நம் தெருவில் அந்த உருளையை எங்கே தேடுவது? ஆனால் வியாசர்பாடியிலிருந்து தண்டையார்பேட்டை வரை கேரம் போர்டு இல்லாத தெரு உண்டா? போட்டியில் ஆடும் கேரம் காயின் குறுக்களவு 3.02 முதல் 3.18 செ.மீ. வரை. ஏறக்குறைய அதே அளவு. ஆகவே எங்கள் தெருவில் இப்போது இதுதான் சட்டம்: கேரம் காய் அளவோ அதைவிடச் சிறியதோ எதுவும் சின்னப் பிள்ளை கைக்குப் போகாது. குளிர்பான மூடி, கோலி, புளியங்கொட்டை, சட்டைப் பட்டன், வேர்க்கடலை எதுவும் கூடாது. கேன் மூடி 5 செ.மீ.க்கு மேல், அதனால் தப்பித்தது. அதிலும் பிய்க்கும் வாலை வெட்டிவிட வேண்டும். உள்ளே சில மூடிகளில் ஒட்டியிருக்கும் வட்டத்தையும் உரித்துவிட வேண்டும்.

பிள்ளை இருமினால் இருமட்டும், தட்டாதீர்கள். சத்தமே வராவிட்டால் குனிய வைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடிப்பாகத்தால் 5 அடி. வெளியே வராவிட்டால், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டி வைத்து உள்ளுக்கும் மேலுக்குமாக 5 அழுத்து. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் 108 கூப்பிட வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் வயிற்றில் அழுத்தக்கூடாது, முன்கையில் தலை தாழ்ந்திருக்கும்படி குப்புறப் படுக்க வைத்து முதுகில் 5 அடி, திருப்பி மார்பு நடுவில் 5 அழுத்து. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தோண்டவே கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். இதை உங்கள் ஒவ்வொரு பால்வாடியிலும் டீச்சரம்மாவுக்கும் ஆயாவுக்கும் பொம்மையில் செய்து காட்டிப் பழக்கிக் கொடுங்கள். தெர்மாகோல் மயிலுக்கு முன்னால் இது வரவேண்டும்.

இன்னும் சில பொருளை நான் ஒதுக்கிவிட்டேன். காசிமேட்டிலிருந்து வரும் மீன் பெட்டித் தெர்மாகோல் வேண்டாம், கடித்தால் உதிர்ந்து தொண்டையில் மாட்டும். முட்டை அட்டை பார்க்க ஆசையாக இருக்கும், 30 குழி, பல்லாங்குழி மாதிரி. ஆனால் முட்டை ஒழுகிய அட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், அட்டையைக் கழுவவும் முடியாது, சின்னது எல்லாவற்றையும் வாயில் வைக்கும். பெயின்ட் டப்பா, பினாயில் பாட்டில், காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும் கெமிக்கல் கேன் எதையும் தொடாதீர்கள். நெயில் பாலிஷ், பழைய கதவுப் பெயின்ட் வேண்டாம். மைதாப் பசை காய்ச்சினால் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் போல மயில்துத்தம் போடக்கூடாது, அது விஷம். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும் வாட்சிலும் இருக்கும் பட்டன் பேட்டரி எல்லாவற்றையும்விடக் கொடியது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். இழுக்கிற வண்டிக்குக் கயிறு கட்டினால் ஒரு சாணுக்குள்.

இப்போது கடினமான பேச்சுக்கு வருகிறேன். எங்கள் தெருத் தாய்மாரைக் கூட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் செய்து காட்டியபோது, கொடுங்கையூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பொண்ணு எழுந்து கேட்டாள்: "இன்னா ஆயா, ஊரு குப்பையெல்லாம் எங்க பக்கத்துல கொட்றாங்கோ. இப்ப எம்புள்ள கையிலயும் குப்பையா?" யாரும் பேசவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. பல பத்தாண்டுகளாக மாநகரத்துக் குப்பை மலையாகக் குவிவதைப் பார்த்துக்கொண்டே பிள்ளை பெற்றவள் அவள். அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு முழு உரிமை இருக்கிறது.

ராத்திரி யோசித்து மறுநாள் அவள் வீட்டுக்கே போனேன். குப்பையில் பொறுக்கியதைக் கொடுக்கச் சொல்லவில்லை, உன் சமையல்கட்டில் நீ கழுவி எடுத்துவைத்த பொருளைத்தான் சொல்கிறேன் என்றேன். பழைய புடவையில் தொட்டில் கட்டும்போது அதைக் குப்பை என்றா சொல்வோம்? அவள் பாதி ஒத்துக்கொண்டாள். மீதிப் பாதி நியாயம் அவள் பக்கம்தான், அதை உங்களிடம் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த நியாயம் இது. நாங்களாக விரும்பி எங்கள் பிள்ளைக்கு மூடியில் பொம்மை செய்வோம், அதில் எங்களுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் அதைக் காட்டி, 'தாய்மார்களே செய்துகொள்கிறார்கள், செலவு மிச்சம்' என்று பால்வாடிக்கு வரவேண்டிய மரக்கட்டையையும் படப் புத்தகத்தையும் நிறுத்திவிடக் கூடாது. 2021 ஜனவரி முதல் கடையில் விற்கும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அப்படி முத்திரை வாங்கிய நல்ல பொம்மை எங்கள் பிள்ளைக்கும் வேண்டும். மூடியும் வேண்டும், மரக்கட்டையும் வேண்டும். சிக்கனம் நாங்கள் எடுக்கும் முடிவாக இருக்கட்டும், எங்கள்மேல் ஏற்றும் உத்தரவாக வேண்டாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர். தண்ணீர் வடிந்தபின் பால்வாடியைக் கழுவ நாங்களும் போனோம். பீரோவின் கீழ்த்தட்டில் அந்தக் கவர் பிரிக்காத பொம்மைகள். அட்டைப் பெட்டி ஊறிக் கரைந்து, புதிர்க் கட்டைகள் உப்பி, பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்தன. ஒரு பிள்ளையும் ஒருநாளும் ஆடாத பொம்மைகளை மூட்டை கட்டி வெளியே வைத்தோம். டீச்சரம்மா அழுதேவிட்டார். என் வீட்டில் கேன் மூடிகள் மிதந்து கிடந்தன. காசிமேட்டுக்காரர் ஒருவர் கொடுத்த பழைய வலையில் தைத்த பையில் அள்ளிப்போட்டு, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் அலசி ஆணியில் மாட்டினேன். மறுநாள் வெயிலில் காய்ந்துவிட்டது.

அதனால் உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விளையாடி உடைந்த பொம்மைக்கு டீச்சரம்மா பதில் எழுத வேண்டியதில்லை என்று ஒரு வரி உத்தரவு போடுங்கள். உடைந்தால் பயன்பட்டது என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளட்டும், ஆய்வுக்கு வருகிறவர் கவர் பிரிக்காத பொம்மையைப் பார்த்தால் அதற்குத்தான் விளக்கம் கேட்கட்டும். மாதத்தில் ஒரு நாள் மதியம், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், தாய்மாரும் ஆயாமாரும் பால்வாடித் தரையில் உட்கார்ந்து பொம்மை செய்ய இடம் கொடுங்கள். அன்றைக்குப் பதிவேட்டு வேலையை டீச்சரம்மாவிடம் கேட்காதீர்கள். எம்-சீல், டேப், உப்புத்தாள், நூல் வாங்க ஒரு சின்னத் தொகை ஒதுக்குங்கள், மூடியும் துணியும் நாங்கள் கொண்டுவருகிறோம். ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு கேரம் காய் கொடுத்து, அது எதற்கு என்று சொல்லிக் கொடுங்கள். செய்த பொருளைச் சுவரில் ஒட்டிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். பிள்ளை உயரத்துக்கு ஒரு தட்டு அடித்து அதில் வையுங்கள்.

எங்கள் தெருவில் அடுத்த கூட்டம் வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு. இந்த முறை கொடுங்கையூர்ப் பொண்ணும் வருகிறாள். அவள் மாமியார் ஓலை பின்னுகிறவராம், கிலுகிலுப்பை செய்து காட்டுவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். உங்களில் யாராவது ஒருவர் வந்தால் சந்தோஷப்படுவோம். நாற்காலி கிடையாது, பாய் விரித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தையல்கார ஆயா